ஓர் உறையில் இரண்டு கத்தி

(நமது சங்கத்தின் மூத்த உறுப்பினர்களுக்கான மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்.)



இந்த மைக்கில் நீங்கள் வழக்கமாகக் கேட்பது உபந்யாசம். இன்று கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசச் சொல்லிக் காரியதரிசி என்னை நிறுத்திவிட்டார். நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. ரிடையர் ஆன பிறகு, நம் சொசைட்டியில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் போய்ப் பார்ப்பவன், அவ்வளவுதான். அப்படிப் போன இடங்களில் அடிக்கடி கண்ட ஒரு வியாதியைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். வைரஸ் வந்து கெட்ட கம்ப்யூட்டரை விட, வைரஸ் வராமல் இருக்கப் போட்ட மருந்தினால் படுத்துக்கொண்ட கம்ப்யூட்டர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

2023-ஆம் வருஷம் ஒரு நாள் எங்கள் எதிர் விங்கில் இருக்கும் ஒரு மாமி கூப்பிட்டனுப்பினார். "கம்ப்யூட்டர் போட்டா நீலமா ஒண்ணு வரது, உடனே அணைஞ்சுபோறது. கடைக்காரப் பையன் ஃபார்மேட் பண்ணிடலாம்ங்கறான். என்னன்னு கொஞ்சம் பாருங்கோளேன்" என்றார். ஃபார்மேட் என்றால் ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாகப் போடுவது. அதற்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். மாமியும் சரியென்று சொல்லத் தயாராகத்தான் இருந்தார்.

"உள்ளே முக்கியமாக ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டேன். மாமி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மாமா குரல் இருக்கு" என்றார்.

அவர் அகத்துக்காரர் காலமாகி அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கடைசிக் காலத்தில், வெளியூரில் இருக்கும் பேரனுக்காக ருத்ரம், சமகம், புருஷ ஸூக்தம் எல்லாவற்றையும் சந்தை சொல்லி வைப்பது போலவே, ஒரு வரியைத் தான் சொல்லி, பேரன் திருப்பிச் சொல்ல இடம் விட்டு, நாற்பது பாடங்களாக அந்தக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து வைத்திருந்தார். வேறு பிரதி கிடையாது. பேரனுக்கு உபநயனம் நிச்சயமாகியிருந்தது. இதெல்லாம் கடைக்காரப் பையனுக்குத் தெரியாது, அவன் கேட்கவுமில்லை. அவனைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. ஃபார்மேட் செய்தால் வேலை சீக்கிரம் முடியும், அவ்வளவுதான்.

நான் விசாரித்ததில் தெரிந்த கதை இது. கம்ப்யூட்டர் வாங்கும்போதே, மூன்று மாத இலவசமாக ஒரு ஆன்ட்டி வைரஸ் அதில் இருந்தது. காலாவதியான பிறகும் அதை யாரும் எடுக்கவில்லை. வருஷாந்திர மராமத்துக்கு வந்த கடைக்காரர், பாதுகாப்புக்கு என்று இன்னொன்றைப் போட்டார். வெளிநாட்டில் இருக்கும் மாப்பிள்ளை, மாமியார் தனியாக நெட் பேங்கிங் செய்கிறாரே என்ற கவலையில், அங்கிருந்தபடியே காசு கட்டி மூன்றாவது ஒன்றை இறக்கிக் கொடுத்தார். எல்லோருக்கும் அக்கறை இருந்தது. ஆனால் ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. இரண்டு பேர் தனித்தனியாக உப்புப் போட்ட ரசம் மாதிரி ஆகிவிட்டது.

இரண்டு ஆன்ட்டி வைரஸ் இருந்தால் பாதுகாப்பு இரண்டு மடங்காகத்தானே ஆக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். அது ஏன் ஆகாது என்பதைச் சொல்கிறேன்.

ஆன்ட்டி வைரஸ் மற்ற மென்பொருள்களைப் போன்றது அல்ல. நீங்கள் டைப் அடிக்கும் மென்பொருள் கெட்டுப்போனால் அந்த ஜன்னல் மட்டும் மூடிக்கொள்ளும். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ஆன்ட்டி வைரஸோ, விண்டோஸின் கர்ப்பக்ருஹம் வரைக்கும் போகிற உரிமை பெற்றது. அந்த இடத்துக்குக் கெர்னல் என்று பெயர். ஒரு ஃபைலை யார் திறந்தாலும், அது உங்கள் கைக்கு வருமுன் வழியில் நின்று சோதிப்பதற்கென்று ஒரு டிரைவரை அது அங்கே உட்கார்த்தி வைக்கிறது. கெர்னலில் ஓடுகிற ஒன்று தவறு செய்தால், விவரங்கள் கெட்டுப்போகாமல் இருக்க விண்டோஸ் தன்னையே நிறுத்திக்கொள்கிறது. அதுதான் அந்த நீலத் திரை. 2025-இல் விண்டோஸ் 11-க்கு வந்த புதுப்பிப்பில் அதைக் கறுப்பாக மாற்றிவிட்டார்கள். நிறம் மாறினாலும் சமாசாரம் அதுவேதான்.

நம் சொசைட்டி கேட்டில் இரண்டு வேறு ஏஜென்ஸிகளின் வாட்ச்மேன்கள், ஒருவரை ஒருவர் அறியாமல் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பால்காரன் பையை முதலாமவன் வாங்கிப் பார்க்கிறான். யாரோ பையைத் திறக்கிறான் என்று இரண்டாமவன் ஓடி வந்து பிடுங்குகிறான். முதலாமவன் விடமாட்டேன் என்கிறான். பால்காரன் நின்றுகொண்டே இருக்கிறான். கம்ப்யூட்டரில் எல்லாம் மெதுவாக ஆவதற்கும், அப்படியே உறைந்து நிற்பதற்கும் இதுவே காரணம். ஒன்று திறந்து சோதிக்கும் ஃபைலை மற்றதும் சோதிக்கப் போகும். சில சமயம் ஒன்று வைத்திருக்கும் வைரஸ் அடையாளப் பட்டியலையோ, பிடித்து அடைத்து வைத்திருக்கும் வைரஸையோ மற்றது பார்த்துவிட்டு, 'திருடன்' என்று கூச்சல் போடும். இரண்டு டிரைவர்களும் கெர்னலில் முட்டிக்கொண்டால் நீலத் திரைதான். ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

காவல்காரனே வீட்டைச் சாய்ப்பது பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. 2010 ஏப்ரல் 21-ஆம் தேதி மெக்அஃபீ நிறுவனம் அனுப்பிய ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த ஃபைல் ஒன்றையே வைரஸ் என்று நினைத்துப் பிடித்துக்கொண்டதில், பல அலுவலகங்களில் கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தன. 2024 ஜூலை 19-ஆம் தேதி க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பழுதான புதுப்பிப்பினால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. அன்றைக்கு நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். இவை ஒரே ஒரு காவல்காரன் செய்த பிசகு. இரண்டு பேரை வைத்துக்கொண்டால் பிசகுக்கான இடமும் கூடுகிறது.

இனி, மாமி வீட்டில் என்ன செய்தேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். வேண்டுமானால் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பதற்றப்பட்டுத் திரும்பத் திரும்பப் போட்டு அணைக்கக் கூடாது. நீலத் திரை வந்ததும் மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஏதாவது ஒரு ஃபைல் பெயர் இருந்து, அது எஸ்.ஒய்.எஸ். என்ற மூன்று எழுத்துகளில் முடிந்தால், அது ஒரு டிரைவரின் பெயர். அதை இணையத்தில் தேடினால் எந்த மென்பொருளுடையது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். மாமி வீட்டுத் திரையில் இருந்த பெயர் கடைக்காரர் போட்ட ஆன்ட்டி வைரஸுடையது.

இரண்டாவது, எப்போது நிற்கிறது என்று கவனிக்க வேண்டும். மாமியைக் கேட்டேன். "ஆரம்பத்துல தினம் மத்தியானம் சாப்பாட்டு வேளைக்குத்தான் வரும்" என்றார். எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. ராம் பழுதோ, உள்ளே தூசி அடைத்து ஏற்படும் சூடோ கடிகாரம் பார்த்து வராது. பிறகு பார்த்தபோது, ஒரு ஆன்ட்டி வைரஸ் பகல் பன்னிரண்டரை மணிக்கு முழுச் சோதனை செய்யும்படி வைக்கப்பட்டிருந்தது. விண்டோஸிலேயே இதற்கு ஒரு நாட்குறிப்பு உண்டு. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி 'ரிலையபிலிட்டி' என்று டைப் அடித்தால், எந்தத் தேதியில் என்ன மென்பொருள் ஏறியது, எந்தத் தேதியில் கம்ப்யூட்டர் விழுந்தது என்று நாள்வாரியாகச் சிவப்புப் பெருக்கல் குறி போட்டுக் காட்டும். ஒன்று ஏறிய மறுநாளிலிருந்து குறிகள் வரிசையாக விழுந்திருந்தால், சந்தேகம் யார் மேல் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

மூன்றாவது, சேஃப் மோட். விண்டோஸ் இரண்டு மூன்று முறை எழுந்திருக்க முடியாமல் போனால் தானாகவே ரிப்பேர் திரையைக் காட்டும். எழுந்திருக்கிற கம்ப்யூட்டரானால், ஷிஃப்ட் கட்டையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுக்கலாம். அங்கே ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று வரிசையாகப் போய், வருகிற பட்டியலில் 4 என்ற எண்ணை அழுத்த வேண்டும். ஒரு எச்சரிக்கை: புதிய லேப்டாப்புகள் பலவற்றில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். அப்போது 48 இலக்கங்கள் கொண்ட ஒரு சாவியைக் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே அதை ஒரு காகிதத்தில் எழுதி பீரோவில் வைத்துவிடுங்கள்.

சேஃப் மோடில் விண்டோஸ், பத்தியச் சாப்பாடு மாதிரி, தனக்கு அத்தியாவசியமான டிரைவர்களோடு மட்டும் எழுந்திருக்கும். வெளியார் போட்ட ஆன்ட்டி வைரஸ் அங்கே பொதுவாக ஓடாது. ஆகவே இதுவே ஒரு பரீட்சையும்கூட. சேஃப் மோடில் ஒரு மணி நேரம் சாதுவாக ஓடுகிற கம்ப்யூட்டர், சாதாரணமாகப் போட்டால் பத்து நிமிஷத்தில் விழுகிறது என்றால், மெஷினில் பெரிய பழுது இருக்க வாய்ப்புக் குறைவு. மேலே ஏற்றி வைத்த ஏதோ ஒன்றில்தான் கோளாறு. மாமி வீட்டுக் கம்ப்யூட்டர் சேஃப் மோடில் சமர்த்தாக எழுந்தது.

நான்காவது, வேறெதையும் தொடுமுன் பிரதி எடுப்பது. என் வீட்டிலிருந்து எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கொண்டுவந்து, மாமாவின் பதிவுகள், போட்டோக்கள், பேங்க் காகிதங்கள் எல்லாவற்றையும் காப்பி செய்தேன். 'கட்' செய்யவில்லை, 'காப்பி' செய்தேன். இந்த வித்தியாசத்துக்குப் பிறகு வருகிறேன்.

ஐந்தாவது, ஒருவரை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்புவது. செட்டிங்ஸில் ஆப்ஸ் என்ற இடத்தில் எத்தனை ஆன்ட்டி வைரஸ் இருக்கிறது என்று பார்த்து, வேண்டாததை அன்இன்ஸ்டால் கொடுக்க வேண்டும். ஐகானை அழிப்பதும் ஃபோல்டரை அழிப்பதும் நீக்கியது ஆகாது. டிரைவர் உள்ளேயேதான் இருக்கும். சில மென்பொருள்களைச் சேஃப் மோடில் அன்இன்ஸ்டால் செய்ய முடியாது. அதற்கு வேண்டிய விண்டோஸ் சேவை அந்த நிலையில் ஓடாது. அதற்காகவே பல ஆன்ட்டி வைரஸ் நிறுவனங்கள், தங்கள் சரக்கை வேரோடு எடுக்கத் தனியாக ஒரு நீக்கும் கருவியை இலவசமாகத் தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன. அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே, இன்னொரு கம்ப்யூட்டரில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவர வேண்டும். ஒன்றை நீக்கியதும் ரீஸ்டார்ட். அப்புறம்தான் அடுத்தது. பழையதை முழுக்க எடுக்குமுன் புதியதைப் போடவே கூடாது.

காலாவதியான இலவசப் பதிப்பும், கடைக்காரர் போட்டதும் போயின. மாப்பிள்ளை காசு கட்டியது மட்டும் மீதி. கம்ப்யூட்டர் ஒழுங்காக எழுந்தது. ஒரு வாரம் கண்காணித்தேன். பன்னிரண்டரை மணிக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியும் விழுந்திருந்தால், விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓட்டி ராமைச் சோதித்திருப்பேன். டிஸ்க்கையும் உள்ளே இருக்கும் தூசியையும் பார்த்திருப்பேன். எல்லா நீலத் திரைக்கும் ஆன்ட்டி வைரஸ் மேலேயே பழி போட்டுவிடக் கூடாது.

ஆன்ட்டி வைரஸே வாங்க வேண்டாமா என்று கேட்பீர்கள். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், டிஃபெண்டர் என்ற முழுமையான ஆன்ட்டி வைரஸ் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. விண்டோஸ் 10, 11-இல் நீங்கள் முறையாக வேறொன்றைப் போட்டால் அது தானாக ஒதுங்கிக்கொள்ளும். அதை எடுத்துவிட்டால் தானாகத் திரும்ப வந்து நிற்கும். ஆகவே, எடுத்துவிட்டால் வீடு திறந்து கிடக்குமே என்று பயப்பட வேண்டாம். நம்மைப் போல மெயில் பார்த்து, பேங்க் வேலை செய்து, பேரக் குழந்தைகளோடு பேசுகிறவர்களுக்கு, விண்டோஸைப் புதுப்பித்து வைத்திருந்தால், அதுவே போதும் என்பது என் அபிப்பிராயம். காசு கொடுத்து வேறு வைத்துக்கொள்வதிலும் தவறில்லை. ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கூப்பிட்டால் மட்டும் வந்து ஒரு முறை சோதித்துவிட்டுப் போகிற ஸ்கேனர்கள் உண்டு. அவை இரவும் பகலும் வாசலில் நிற்பவை அல்ல என்பதால் பொதுவாகத் தகராறு செய்வதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம். ஆதரவு இல்லாத விண்டோஸின் மேல் எத்தனை காவல் போட்டாலும் சுவரில் இருக்கும் ஓட்டை ஓட்டைதான்.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. கம்ப்யூட்டர் விழ ஆரம்பித்ததும் நமக்கு வருகிற பயம் இருக்கிறதே, அதற்காகவே காத்திருப்பவர்கள் உண்டு. திடீரென்று திரை முழுக்கச் சிவப்பாக, 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்' என்று வரும். கூடவே பீப் சத்தமும் கேட்கும். உண்மையான நீலத் திரையில் கூப்பிடச் சொல்லி எந்த போன் நம்பரும் இருக்காது. எண் கொடுத்திருந்தால் அது மோசடி. அந்த எண்ணைக் கூப்பிடாதீர்கள். ஆல்ட் கட்டையோடு எஃப்4 அழுத்தி மூடுங்கள். மூடவில்லை என்றால் கம்ப்யூட்டரையே அணைத்துவிடுங்கள். முன்பின் தெரியாதவர் போனில் சொல்லி, தூரத்திலிருந்து உங்கள் திரையை இயக்கும் மென்பொருளைப் போடச் சொன்னால் போடவே போடாதீர்கள். தெரியாமல் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கும் உங்கள் பேங்குக்கும் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுமுன் நிறுத்தி வைக்க வழி உண்டு.

மாமியின் பதிவுகளுக்கு வருகிறேன். நாற்பது பாடங்களில் முப்பத்தொன்பது நன்றாக இருந்தன. ஒன்று இல்லை. கம்ப்யூட்டர் விழ ஆரம்பித்த நாட்களில், மாமி ஒரு மத்தியானம் ஒரு பாடத்தை மட்டும் பேரனுக்கு அனுப்புவதற்காகப் பென் டிரைவுக்குக் 'கட்' செய்து போட்டிருக்கிறார். கட் செய்தால், அங்கே எழுதியதும் இங்கே அழித்துவிடும். ஆனால் அங்கே எழுதிவிட்டதாக விண்டோஸ் நினைத்தது முழுவதும் பென் டிரைவில் இறங்குமுன் நீலத் திரை வந்துவிட்டது. பென் டிரைவில் பாடத்தின் பெயர் மட்டும் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. அழிந்ததை மீட்கும் மென்பொருளை வைத்து இரண்டு நாள் தேடினேன். கிடைக்கவில்லை. மாமியிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிச் சொன்னபோது, "மீதி முப்பத்தொன்பதும் இருக்கே, அந்த ஒண்ணை வாத்தியார் சொல்லிக் குடுத்துடுவார்" என்றார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. ஒரு பிரதி முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தால் அதுவும் இருந்திருக்கும்.

இப்போது அந்தப் பாடங்கள் மாமியின் கம்ப்யூட்டரில் ஒன்று, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒன்று, பெண் வீட்டில் ஒன்று என மூன்று இடத்தில் இருக்கின்றன. கம்ப்யூட்டர் மேஜை மேல் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகமும் வைத்திருக்கிறோம். பால் கணக்கு எழுதுகிற மாதிரி, எந்தத் தேதியில், யார், என்ன போட்டார், சந்தா எப்போது முடிகிறது என்று அதில் எழுத வேண்டும். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதக் கூடாது. கடைக்காரர் வந்தால் மாமி முதலில் நோட்டைக் காட்டுகிறார். மாப்பிள்ளை போன் செய்து ஏதாவது போடட்டுமா என்று கேட்டால், நோட்டைப் பார்த்துப் பதில் சொல்கிறார்.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வதும் அதுதான். வீட்டுக்குப் போனதும் உங்கள் கம்ப்யூட்டரில் எத்தனை காவல்காரர்கள் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை சந்தியாவந்தனம் முடித்து காபி குடித்தபின் நான் வெட்டியாகத்தான் இருக்கிறேன். ஆனால் அதற்கு முன்பே, உங்கள் வீட்டில் யாருடைய குரல், யாருடைய போட்டோ, எந்தக் காகிதம் ஒரே ஒரு இடத்தில் இருக்கிறதோ, அதை இன்று ராத்திரியே இன்னொரு இடத்தில் காப்பி செய்து வைத்துவிடுங்கள்.